விசுவாசமும் இரக்கமும்: சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம்

பசித்தவனுக்குச் சோறு போடக் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கோயில் அன்னதானம், ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி, வெயில் காலத்துத் தண்ணீர்ப்பந்தல் என்று நம் ஊரில் எல்லாரும் செய்கிறார்கள். கடவுளே இல்லை என்பவர்கள் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். அப்படியிருக்க, ‘பிறருக்கு இரக்கம் காட்டுவது விசுவாசத்தின் வெளிப்பாடு’ என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அதில் கிறிஸ்தவத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது? சபைக்குப் புதிதாக வந்தவர்களும், கல்யாணம் வழியாகக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்களும் கேட்கிற நியாயமான கேள்வி இது. பரம்பரைக் கிறிஸ்தவர்கள் பலருக்கும் இதற்குப் பதில் சொல்லத் தெரியாது என்பது வேறு விஷயம்.

முதலில் ஒரு கணக்கைத் தள்ளிவைத்துவிடலாம். நல்லது செய்தால் புண்ணியம் சேரும், புண்ணியம் சேர்ந்தால் மோட்சம் கிடைக்கும் என்கிற கணக்கு. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவர்கள் மனத்திலும் இது இருக்கிறது. ஆனால் அப்போஸ்தலர் பவுல், எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பது தலைகீழ். இரட்சிப்பு கிருபையினால் கிடைக்கிறது. அது தேவனுடைய ஈவு, கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல என்கிறார். சரி, அப்படியானால் நற்கிரியை எதற்கு? அடுத்த வசனத்திலேயே பதில் வருகிறது: நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம். ஈவு முன்னால் வருகிறது, செயல் பின்னால் வருகிறது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இயேசு இதைக் கதையாகவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 18). ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அந்தக் காலத்தில் ஒரு தாலந்து என்பது கூலிக்காரன் ஒருவனின் ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பத்தாயிரம் தாலந்தை ஏழு தலைமுறை உழைத்தாலும் அடைக்க முடியாது. கேட்பவர்கள் சிரிக்கட்டும் என்றே சொன்ன தொகை மாதிரி இருக்கிறது. ராஜா மனம் இரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்தவன், தன்னிடம் நூறு பணம், அதாவது சுமார் மூன்று மாதக் கூலி, கடன் வாங்கியிருந்த உடன்வேலைக்காரனைப் பிடித்துத் தொண்டையை நெரித்தான். கிறிஸ்தவ இரக்கத்தின் அஸ்திவாரம் இந்தக் கதையில்தான் இருக்கிறது. கொடுக்கிறவன் தன்னை வள்ளலாக நினைத்துக்கொள்ள இதில் இடமில்லை. அவனே பெரிய தள்ளுபடி வாங்கியவன்.

அப்புறம் யாக்கோபு, புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபம் எழுதியவர். சோறும் துணியும் இல்லாத ஒருவனைப் பார்த்து, ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்பது அவர் முடிவு. பவுலும் யாக்கோபும் சண்டை போடுகிறார்களா என்று சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கின்றன. மார்ட்டின் லூத்தர் காலத்தில் ஐரோப்பிய சபையே பிளந்தது இதையொட்டித்தான். 1999இல் கத்தோலிக்க சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, இதன் அடிப்படையில் எங்களுக்குள் கருத்தொற்றுமை உண்டு என்று சொல்லிவிட்டன. புதிதாகப் படிக்கிறவர் அந்தப் பழைய வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மாமரம் காய்த்த பிறகு மாமரம் ஆவதில்லை. ஆனால் எத்தனை வருஷம் ஆனாலும் காய்க்கவே இல்லை என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

இனி நல்ல சமாரியன் கதைக்கு வருவோம். லூக்கா 10ஆம் அதிகாரம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதாலேயே யாரும் நின்று படிப்பதில்லை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். எருசலேம் மலைமேல் இருக்கிறது. எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே. ஆயிரம் மீட்டருக்கு இறங்குகிற வனாந்தரப் பாதை, திருடர்கள் பதுங்கத் தோதான பாறை இடுக்குகள். அந்த வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். ஆலயத்தில் பூசை செய்கிற ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், ஆலயப் பணியாளனான லேவியனும் போகிறான். மூன்றாவதாக வந்த சமாரியன் நிற்கிறான்.

யூதர்களுக்கும் அவர்களுடைய அண்டை ஜனமான சமாரியருக்கும் இருந்தது வெறும் மனத்தாங்கல் அல்ல. கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளன் ஒருவன் இடித்துத் தள்ளியிருந்தான். ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவையே ஊருக்குள் விட மறுத்தது. வானத்திலிருந்து அக்கினி இறக்கி இவர்களை அழித்துவிடலாமா என்று சீஷர்கள் இருவர் கேட்டார்கள். இயேசு அவர்களை அதட்டினார். தன்னை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய ஜனத்திலிருந்துதான் தன் கதைக்குக் கதாநாயகனை எடுத்தார். சொல்கிற விஷயத்தைத் தானே முதலில் செய்துவிட்டுத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றும்.

சமாரியன் என்னென்ன செய்தான் என்று லூக்கா வரிசையாக எழுதியிருக்கிறார். கிட்ட வந்தான். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். கட்டினான். தன் சொந்த வாகனத்தில் ஏற்றினான், அப்படியானால் மீதி வழியை அவன் நடந்திருக்க வேண்டும். சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றைக்கு அவனே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் காயம் கட்டியதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அந்த இரண்டு பணம்தான் முக்கியமாகப் படுகிறது. ரோட்டோரத்தில் பரிதாபப்பட்டது ஒரு நிமிஷம். அடுத்த வாரம் இவன் என்ன ஆவான் என்று யோசித்தது அதற்கு மேல். கணக்கு வைத்து, திரும்பி வருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறான். அதேபோல, அவன் தன் பயணத்தை விட்டுவிடவும் இல்லை. மறுநாள் தன் வேலையைப் பார்க்கப் போனான். எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும் என்று நினைத்து மூன்றே மாதத்தில் சலித்துப்போகிற ஊழியக்காரர்கள் இந்த வரியைக் கவனிக்கலாம். அவனால் முடியாததைச் சத்திரம் பார்த்துக்கொண்டது.

அந்தச் சத்திரம் பிற்பாடு நிஜமாகவே கட்டப்பட்டது. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசு முழுக்க ஒரு கொள்ளைநோய் பரவியது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரப் பேராயர் தியோனிசியு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் பாதி உயிரோடு இருந்தவர்களைத் தெருவில் எறிந்துவிட்டு ஓடியபோது, கிறிஸ்தவர்கள் உடனிருந்து பார்த்து, நோய் தொற்றித் தாங்களும் செத்தார்கள் என்கிறார். அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பேராயர் சிப்ரியான், நம்மவர்களை மட்டும் பார்த்துக்கொள்வதில் என்ன பெருமை, நம்மைத் துன்பப்படுத்துகிறவர்களையும் பாருங்கள் என்று சபையை முடுக்கிவிட்டார். கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்ற தேக்கியு பேரரசரின் துன்புறுத்தல் நடந்து இரண்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை அப்போது.

இவர்கள் தங்கள் ஆட்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டதுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதும்தான். அதனால்தான் அடுத்த சாட்சிக்கு எடை அதிகம். 361இல் பட்டத்துக்கு வந்த ஜூலியன், கிறிஸ்தவனாக வளர்ந்து பழைய தெய்வங்களின் பக்கம் திரும்பிய பேரரசர். கிறிஸ்தவர்களை அவருக்குப் பிடிக்காது. அவர் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் எரிச்சலோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நமக்குத்தான் அவமானம். ஆகவே நீங்களும் நகரம்தோறும் சத்திரங்கள் கட்டுங்கள் என்று சொல்லி, கோதுமையும் திராட்சரசமும் ஒதுக்கிக் கொடுத்தார்.

அதற்குச் சில வருஷம் கழித்து, இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவில் ஒரு பெரும் பஞ்சம். அங்கே பின்னர் பேராயரான பசிலியார் பணக்காரர்களைப் பேசியே கரைத்துத் தானியக் கிடங்குகளைத் திறக்க வைத்தார். அப்புறம் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் என்று ஒரு பெரிய வளாகம் கட்டினார். தொழுநோயாளிகளுக்கும் அதில் இடம் இருந்தது. அவர்களை அவரே கட்டித் தழுவினார் என்று அவருடைய நண்பர் கிரகோரியார் இரங்கல் உரையில் சொல்கிறார். வரலாற்று ஆசிரியர்கள் பலர் இன்றைய மருத்துவமனையின் ஆரம்பங்களில் ஒன்றாக இந்த வளாகத்தைச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதே சங்கிலியின் ஒரு கண்ணி வேலூர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருந்தகம் இன்றைக்குச் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய’ என்று மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வருகிற இயேசுவின் வார்த்தைதான் அதன் குறிக்கோள் வாசகம். அங்கே 1946இல் வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரின் கதை, இரக்கம் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதைக் காட்டுகிறது. அவர் மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர்.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறு இடத்துத் தசைநாரை மாற்றிக் கட்டி நிமிர்த்தலாம் என்று அவர் செய்துகாட்டினார். கை திறந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் நோயாளிகள் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை சரியாகிவிட்டது, ஆனாலும் தொழுநோயாளி என்று யாரும் வேலை தர மாட்டேன் என்கிறார்கள். முன்பு கோணல் கையை நீட்டினால் பிச்சையாவது விழும், இப்போது அதுவும் இல்லை! அறுவை சிகிச்சையோடு தன் வேலை முடிந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1950 வாக்கில் வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, தச்சுவேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுக்க ஒரு புதுவாழ்வு மையம் தொடங்கினார்.

அங்கே இன்னொரு சிக்கல். காலையில் எழுந்தால் சிலருடைய விரலில் ஒரு பகுதியைக் காணோம். நோய்தான் விரலைத் தின்கிறது என்று ஊரே நம்பிய காலம். இராத்திரி விழித்திருந்து கண்காணித்தபோது உண்மை தெரிந்தது: எலி. உணர்ச்சி மரத்த விரலை எலி கடித்தாலும் தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதிலிருந்து, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். இந்தப் பூனை எனக்கு மிகவும் பிடித்த இறையியல் விளக்கம். அந்த மனிதனின் வீட்டு இராத்திரி எப்படி இருக்கும் என்று யோசித்த ஒருவருக்குத்தான் பூனை ஞாபகம் வரும்.

இவ்வளவு நல்ல கதைகளைச் சொன்ன பிறகு கசப்பானதையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, மதமாற்றம். ‘சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்’ என்ற ஏச்சு நம் ஊரில் பழையது. பல நேரம் அது ஏழைகளை அவமதிக்கிற பேச்சு. ஆனால் உதவியைத் தூண்டில் புழுவாக வைத்தவர்கள் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுவிசேஷம் இதில் தெளிவாக இருக்கிறது. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான்; அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நிபந்தனை போட்டுக் கொடுப்பது வியாபாரம். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கக் கூடாது.

இரண்டாவது, சாதி. இதுதான் நமக்கு வலிக்கிற இடம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அனுமதிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்று தென்னிந்திய சபைகளில் பலர் பிரிந்தே போனார்கள். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பிவைத்த ஊர்கள் உண்டு. ஒடிசாவில் புயல் என்றால் காணிக்கை எடுக்கிற சபை, பக்கத்துத் தெருக்காரனைச் சம்பந்தி ஆக்கிக்கொள்ளத் தயங்குகிறது. சமாரியன் கதையை நம் ஊரில் சொல்லும்போது ‘சமாரியன்’ என்ற இடத்தில் யாரை வைத்துச் சொல்வோம் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் போதும், கதை ஏன் அன்றைக்கு அவ்வளவு உறைத்தது என்பது தெரிந்துவிடும்.

விளம்பரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சக்கர வண்டி ஒன்று, அதைச் சுற்றிப் பத்துப் பேர், பின்னால் ஃபிளெக்ஸ். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தால் போதும். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற மலைப்பிரசங்க வசனத்துக்கு வழிமுறையே கண்டுபிடித்தவர்கள் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர். 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் இன்றும் நடக்கிறது. அவர்கள் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றுமே போடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. பிறகு இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் முக்கியம், கொண்டுபோகிற பை இரண்டாவது.

மத்தேயு 25இல் வருகிற நியாயத்தீர்ப்புக் காட்சியும் இதே மாதிரிதான். பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன், வஸ்திரமில்லாதிருந்தேன், வியாதியாயிருந்தேன், காவலிலிருந்தேன் என்று ராஜா ஆறு நிலைகளைச் சொல்கிறார். (கத்தோலிக்கர்கள் இதோடு தோபித்து நூலிலிருந்து மரித்தோரை அடக்கம் செய்வதையும் சேர்த்து ஏழு இரக்கச் செயல்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள்.) வேடிக்கை என்னவென்றால், செய்தவர்களுக்கே அது நினைவில்லை. ‘ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்பொழுது கண்டோம்’ என்று முழிக்கிறார்கள். அவர்கள் கணக்கு நோட்டு வைத்திருக்கவில்லை.

சரி, புதிதாக ஆரம்பிக்கிறவர் எங்கே ஆரம்பிப்பது? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் தெரிந்தவர் யாராவது படுத்திருந்தால், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் ஜெபம் பண்ணிவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்புவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு இராத்திரி துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நாலு நாளாகக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அவர் மனைவி வீட்டுக்குப் போய்க் குளித்து, பிள்ளைகளைப் பார்த்து, கண் அயர்ந்து தூங்கிவிட்டு வருவார். நர்ஸ் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், மற்றபடி கொசுக்கடிதான். வீடு திரும்பிய பிறகு அடுத்த பரிசோதனைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அதற்கும் முன்னால் நம் வீட்டையே பார்க்க வேண்டும். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குக் கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜுரத்தில் வராத மூன்று நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கிற வீடுகள் எத்தனையோ. புடவை அப்புறம் இருக்கட்டும், அந்த மூன்று நாள் சம்பளத்தை முதலில் கொடுத்துவிடலாம்.